பெயரோடு ஒரு சுற்று

அந்தத் தானியக் கிடங்குக்கு நானும் என் மச்சினனும் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க் கதை என்றால் மழையும் இருட்டும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்ததெல்லாம் நல்ல வெளிச்சத்தில்தான் நடந்தது. அதனால் வெளிச்சம் இப்போது எனக்கு ஆறுதல் தருவதில்லை.

என் தொழில் சுழல்கதவு மாட்டுவது, பழுது பார்ப்பது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையத்திலும் நீச்சல்குளத்திலும் மைதானத்திலும் இடுப்பு உயரத்தில் மூன்று கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும். தள்ளினால் ஒரு ஆளை விட்டுவிட்டு 'டக்' என்று நின்றுவிடும். ஆபத்தான இடங்களில் அதன் பெரியண்ணன் இருக்கிறது. தரையிலிருந்து தலைக்கு மேல்வரை கம்பிகள், நடுவில் சுழலும் தூண், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு. தாண்டவும் முடியாது, குனிந்து நுழையவும் முடியாது.

மற்ற கதவுகளெல்லாம் திறக்கவும் மூடவும் இருக்கின்றன. சுழல்கதவு எண்ணுவதற்காக இருக்கிறது. ஒருவருக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் பெருமையாக ஒன்றைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டே நுழையப் பார்த்தாள், முடியவில்லை. "புருஷன் பொண்டாட்டியக்கூடப் பிரிச்சுத்தான் விடுமா? நல்லா இருக்கே உங்க பொழப்பு" என்றாள்.

அவளுடைய தம்பிதான் என் மச்சினன். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவனுக்குப் படுக்கை. வேலையிடத்தில் எல்லோரும் அவனை ரேடியோ என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் தூங்கும்போதுதான் அவன் வாய் மூடும். என் ஆறு வயது மகளுக்கு மாமா என்றால் உயிர். அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் அவள் தெருவையே பார்ப்பாள். எனக்கும் அவன் பேச்சு எரிச்சலாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன். உண்மையில் அவன் ஒரு நாள் வராவிட்டால் எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கக்கூடக் கை வராது.

கிடங்கில் என்ன கோளாறு என்று கேட்டதற்கு மேனேஜர் போனில் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: எல்லோரும் வெளியே வந்த பிறகும், எத்தனை பேர் உள்ளே என்று சொல்லும் எண்பலகை 'ஒன்று' காட்டுகிறது.

அந்த இடத்தில் அது சாதாரண விஷயமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பூச்சி மருந்து மாத்திரைகளை வைத்து, பின்பக்க ஷட்டரை இறக்கி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி ஏழு நாள் மூடிவைப்பார்கள். மாத்திரையிலிருந்து வரும் வாயுவில் வண்டும் எலியும் சாகும். மனிதனும் சாவான். எண்பலகையில் பூஜ்யம் வந்தால்தான் சீல் வைக்கலாம். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் அங்கே ஆளுயரச் சுழல்கதவு. சீல் வைக்கும்போது அதன்மேலும் வெளியிலிருந்து தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி ஒட்டிவிடுவார்கள்.

வாசல் அறையில் கேட்டுக்குக் காவலாக இருந்த பெண்ணை எல்லோரும் 'கேட்டு அக்கா' என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் பழைய பற்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு பல்கூடத் தேயவில்லை. கோளாறே இல்லை.

சாயங்காலம் பதினான்கு பேரும் வெளியே வந்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அவ்வளவு பேர்தான், நானே நின்று எண்ணினேன். எண்பலகையில் 1.

கேட்டு அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். வெளிப்பக்கம் நின்றபடி கம்பியைத் தன் பக்கம் மெதுவாக இழுத்தாள். கூண்டில் யாரும் இல்லை. கதவு ஒரு சுற்று வந்து 'டக்' என்று நின்றது. எண் பூஜ்யமானது.

"இதென்னக்கா பித்தலாட்டம்?" என்றான் மச்சினன்.

"பித்தலாட்டம் இல்ல தம்பி. அவருக்கு ஒரு சுத்து. தெனம் விடறதுதான்."

"எவருக்கு?"

அவள் சொன்ன விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே சாக்குத் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், வாய் திறக்காத மனுஷன். மருந்து வைக்கிற அன்று காய்ச்சலோடு மூட்டைகளுக்குப் பின்னால் படுத்தவர் தூங்கிவிட்டார். எல்லோரும் போன பிறகு எண்பலகை ஒன்று காட்டியது. அன்று காவலில் இருந்தவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். இயந்திரக் கோளாறு என்று நினைத்து, கையால் ஒரு வெறும் சுற்று இழுத்துப் பூஜ்யமாக்கினார். சீல் வைத்தார்கள்.

ஏழு நாள் கழித்துத் திறந்தபோது அவர் இந்தக் கூண்டுக்குள்தான் கிடந்தார். கம்பியைப் பிடித்த கையைப் பிரிக்கவே முடியவில்லையாம்.

"அன்னையிலேருந்து தெனம் ஒண்ணு காட்டும். ஒரு சுத்து விட்டா போயிடுவாரு. காலையில பார்த்தா மறுபடி ஒண்ணு. வீட்டு ஆளுங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. எங்க போறதுன்னு தெரியாம திரும்பி வந்துடுவாரு போல. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் மச்சினன் அதையே பேசிச் சிரித்தான். "அத்தான், செத்த பிறகும் ஷிஃப்ட் பார்க்கிறாரு பாருங்க. இவருக்காவது லீவு உண்டான்னு கேட்டிருக்கணும்." நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் கோபம். சுழல்கதவுக்கு ஒரே ஒரு வேலைதான், அது உண்மையைச் சொல்லவேண்டும். வெறும் கையால் ஒருவர் எண்ணை மாற்றலாம் என்றால் அது கதவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அந்த மனுஷன் செத்ததும் அதனால்தானே? இந்த ஓட்டையை அடைக்கிறேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். தலைக்கனம் என்றால் அதுதான்.

மூன்று நாள் வேலை. கூண்டின் தரையில் எடைத்தட்டு வைத்தேன். முப்பது கிலோவுக்குக் குறைவாக ஏதாவது நின்றால் கதவு அசையாது. வெளியிலிருந்து இழுக்கிற வழியை அடைத்தேன். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய அட்டை. அட்டையைக் காட்டி உள்ளே போனால் திரையில் அவர் பெயர் ஏறும். வெளியே வந்தால் இறங்கும். கடைசிப் பெயர் இறங்கியதும் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். பழைய எண்பலகையின் ஒயரைப் பிடுங்கி, பலகையை வாசல் அறை அலமாரியில் போட்டேன்.

நாலாம் நாள் மருந்து வைக்கிற நாள். அன்றே எங்கள் கதவையும் ஒப்படைக்க வேண்டும். ஐந்து மணிக்கு மருந்துக்காரர்கள் மாத்திரைகளை வைத்துவிட்டு, ஷட்டரைப் பூட்டி டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள். சாவியைக் கிடங்குக் கிளார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வேலையாட்கள் ஒவ்வொருவராகச் சுழல்கதவு வழியாக வந்தார்கள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் உள்ளே இருந்தது மச்சினன் மட்டும்.

"நீ கடைசியா வா. பூஜ்யம் விழுதான்னு பார்க்கணும்" என்று நான்தான் அவனை உள்ளே அனுப்பியிருந்தேன்.

திரையில் அவன் பெயர் மட்டும் நின்றது. நான் கேட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். "பாத்தீங்களாக்கா? எங்க உங்க ஆளு? ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்க வீட்டு ஆளு."

அவள் சிரிக்கவில்லை. "அட்டை குடுத்தவங்களத்தான் எண்ணுது. எண்ணாம விட்டா இல்லேன்னு ஆயிடுமா தம்பி?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒப்படைப்புத் தாளை எடுத்து மேஜையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். 'இக்கதவு உயிருள்ள ஆளைத் தவிர வேறெதையும் கணக்கில் கொள்ளாது.' அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது பச்சை விளக்கு எரிகிற 'பீப்' சத்தம் கேட்டது. கம்பிகள் சுழன்றன. 'டக்.'

"வா மாப்ளே, ஒரு நிமிஷம் இரு, கிளம்பிடலாம்" என்றேன், தலை நிமிராமல்.

காலடிச் சத்தம் என்னைக் கடந்து போனது. வெறுங்கால். பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை கூடவே போனது. மருந்து வாடைதான், அவன் சட்டையில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் அவன் பெயர் இறங்கியது. பூஜ்யம். இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்ட சத்தம் வந்தது.

மணி ஐந்து பன்னிரண்டு.

"அத்தான்."

குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கம்பிகளுக்கு உள்ளே, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டையோடு மச்சினன் நின்றிருந்தான்.

"நான் இன்னும் வரலையே, அத்தான். யார விட்டீங்க?"

கேட்டு அக்கா சுவரோடு ஒட்டிப்போயிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. "கம்பி மட்டுந்தான் சுத்துச்சு."

அட்டையைக் காட்டச் சொன்னேன். சிவப்பு விளக்கு. 'இந்தப் பெயர் உள்ளே இல்லை' என்று திரையில் வந்தது. அந்த வாசகத்தை எழுதிச் சேர்த்தவனும் நான்தான். எல்லாவற்றையும் திறக்கிற என் அட்டை டூல் பையில் இருந்தது. அவன் தேடி எடுத்துக் காட்டினான். விளக்கு பச்சையானது. தள்ளினான். கதவு அசையவில்லை.

"மேல் மூடியக் கழட்டு மாப்ளே. கொக்கிய விடு."

அவன் கம்பியில் கால் வைத்து ஏறினான். பேசிக்கொண்டேதான் கழற்றினான். "நல்ல கதவு செஞ்சீங்க அத்தான். செஞ்ச ஆளையே பிடிச்சு வெச்சுக்குது. வீட்ல அக்காகிட்ட சொல்லி உங்களுக்கு இருக்கு." நாலு ஸ்குரூ. மூடி வந்தது. கொக்கியை விடுவித்தான். அது விலகியதை என் கண்ணால் பார்த்தேன். இப்போது ஒரு குழந்தை தள்ளினாலும் சுழலவேண்டும்.

இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து தள்ளினோம். சுவரைத் தள்ளினதுபோல இருந்தது.

கேட்டு அக்கா கிளார்க்குக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷத்தில் சாவியோடு வருகிறேன் என்றான். மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். நேரம் இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப அவனிடம் சொன்னேன். கம்பி இடுக்கில் கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினான். பிறகு பேச்சு நின்றுவிட்டது. அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பயங்கரம் என்று புரியும்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. உள்ள ரொம்ப அமைதியா இருக்கு அத்தான்." பின்னால் திரும்பிப் பார்த்தான். மேல் ஜன்னல்களின் வழியாக வெயில் மூட்டைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. "நீங்க பேசறதே தூரத்துல கேக்குது. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

நான் அவனுக்கு ஒரு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

கரடியாகக் கத்தினேன். "இங்கதான்டா இருக்கேன்! கைய விடல!"

"விட்டுடாதீங்க."

கிளார்க்கின் வண்டிச் சத்தம் பின்பக்கம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் கட்டிடத்தின் மூலைவரை ஓடி வந்து, அங்கிருந்தே கூவினான். பூட்டைத் திறந்துவிட்டானாம், ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, மூன்று பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்றான்.

மூன்று பேர் என்றால் நாங்கள் மூன்று பேர்தான்.

"ரெண்டே நிமிஷம் மாப்ளே. பின்னாடி திறந்து உள்ள வந்துடறேன்."

அவன் என் விரல்களை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். இன்றைக்கு வரை என் கைக்கு அது மறக்கவில்லை.

ஷட்டரைத் தூக்கிவிட்டு மூட்டைச் சந்துகளில் ஓடினேன். சுழல்கதவு வரை ஓடினேன். டூல் பை தரையில் இருந்தது. பக்கத்தில் நாலு ஸ்குரூ. மச்சினன் இல்லை.

கூப்பிட்டேன். மூட்டைகளின் மேல் ஏறிப் பார்த்தேன், கீழே தவழ்ந்து பார்த்தேன். பூண்டு வாடை கனக்கத் தொடங்கியது. கண் எரிந்தது. கிளார்க் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

அந்த நேரத்தில் என் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, தம்பி கூட சண்டை போட்டீங்களா? இப்பத்தான் வந்தான். செருப்புகூட இல்ல. ஒரு வார்த்தை பேசாம முன்ரூம்ல போய்ப் படுத்துட்டான்."

கிளார்க் போனை வாங்கிக் கேட்டான், என்னை மேலும் கீழும் பார்த்தான், வாசல் அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினான். மச்சினன் பெயர். வெளியே சென்றது, ஐந்து பன்னிரண்டு.

"உயிருள்ள ஆளைத் தவிர வேறெதையும் எண்ணாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க? வெயில்ல வேலை செஞ்சது தலைக்கு ஏறிடுச்சு போல. வீட்டுக்குப் போய் மச்சினனப் பாருங்க."

திரையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எடைத்தட்டு குறித்த எடையும் இருந்தது. நாற்பத்தொரு கிலோ. என் மச்சினன் எழுபத்து மூன்று. அதைக் காட்டினேன். "தட்டு புதுசுல அப்படித்தான் காட்டும்" என்றான் கிளார்க். நானே மற்றவர்களிடம் எத்தனையோ முறை சொன்ன பதில் அது.

கிளார்க் மருந்துக்காரர்களைப் போனில் திரும்ப வரவழைத்தான். மறுபடி ஷட்டரை இறக்கி, சுழல்கதவின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி டேப் ஒட்டினார்கள். தடுத்தேன், கெஞ்சினேன், கேட்டு அக்கா சொன்னதையும் யாரும் காதில் வாங்கவில்லை, கடைசியில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். மனைவியின் போன் வந்த அந்த ஒரு நொடி எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

கிளம்பும்போது கேட்டு அக்கா என்னருகில் வந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முன்னாடி சும்மா சுத்து தம்பி. பேரு கிடையாது. அவரு எந்த வீட்டுக்குன்னு போவாரு? திரும்பி வந்துடுவாரு. நீங்க இப்ப பேரோட சுத்து குடுத்துட்டீங்க."

வீட்டில், முன்னறைக் கட்டிலில், மச்சினனின் முகத்தோடும் மச்சினனின் கைகளோடும் அது உட்கார்ந்திருந்தது. கன்னத்து மரு, உடைந்த முன்பல் எல்லாம் அப்படியே. அறை முழுக்கப் பூண்டு வாடை.

"மாப்ளே."

என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றது.

என் மனைவிக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. காய்ச்சல், களைப்பு, எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்றாள். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், கடைசியில் கொந்தளித்துவிட்டாள். "என் தம்பிய எனக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்தவ நான். ரேடியோ ரெண்டு நாள் பாடலேன்னா தூக்கிப் போட்டுடுவீங்களா?"

மகள் மட்டும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றாள். "அப்பா, இவரு யாரு?" என்று கேட்டாள். அம்மாவிடம் ஒரு அடி வாங்கிக்கொண்டாள்.

ஏழு நாள். அந்த ஏழு நாளும் கிடங்கு சீல் வைக்கப்பட்டிருந்தது. தினமும் போய்ச் சுழல்கதவுக்கு வெளியே நின்றேன். போலீசுக்குப் போகலாம், போய் என்ன சொல்வது? வீட்டில் இருக்கிறவனைக் காணோம் என்றா? அலமாரியில் கிடந்த பழைய எண்பலகையில் ஒயரே இல்லாமல் 1 என்று எரிந்துகொண்டிருந்தது. கேட்டு அக்கா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தாள். நான் பிளாஸ்டிக் ஷீட்டோடு சேர்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் பேசுவேன். அக்கா நன்றாக இருக்கிறாள், பாப்பாவுக்குப் பல் விழுந்தது, உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். கடைசியாகச் சொன்னது பொய். காலை வேளையில் மற்ற கம்பியெல்லாம் சில்லென்று இருக்கும். அவன் கை பிடித்திருந்த கம்பி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

வீட்டில் அது பகலெல்லாம் உட்கார்ந்து தைத்தது. கிழிந்த தலையணை, மகளின் பள்ளிப் பை, கால்மிதி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தைத்தது. தடித்த நூலில், சாக்கு வாய் தைக்கிற மாதிரி நீளத் தையல். மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிறாள். முகமாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

எட்டாம் நாள் கிடங்கைத் திறந்து காற்றோட்டம் விட்டார்கள். கூண்டிலும் சந்துகளிலும் செத்த எலிகளைத் தவிர ஒன்றுமில்லை. மேனேஜரிடம் என் வேலையில் பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடைத்தட்டைப் பெயர்த்து எடுத்தேன். அட்டை, திரை எல்லாவற்றையும் கழற்றினேன். பழைய பற்சக்கரத்தை மாட்டி, எண்பலகையை அதன் இடத்தில் வைத்தேன். அவர் திட்டியது காதில் ஏறவே இல்லை.

சாயங்காலம் பதினான்கு பேரும் வெளியே வந்தார்கள். 1.

"நீங்களே விடுங்க தம்பி" என்றாள் கேட்டு அக்கா.

வெளியே நின்று கம்பியை இழுத்தேன். கேட்டு அக்கா இழுத்தபோது லேசாக வந்த கதவு எனக்குக் கனமாக வந்தது. கூண்டில் ஒரு வாட்டசாட்டமான ஆள் நின்றால் எப்படி வருமோ அப்படி. 'டக்.' பூஜ்யம்.

"வா மாப்ளே. வீட்டுக்குப் போலாம்."

வழி நெடுக நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டானோ என்று பயம், இருப்பானோ என்றும் பயம். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை விட்டு உட்கார்ந்தேன். கூட்டமாக இருந்தும் யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. வீடு வந்தபோது தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது.

உள்ளே நுழைந்தேன். கூடத்தில் அது தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஏழு நாளாக அது வாயில் ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் கவளம் எடுத்து வாயில் வைத்திருந்தது. மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் ஏதோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

மகள் வாசற்படியில் நின்று வெளியே பார்த்தாள். அவள் முகம் ஏழு நாளுக்குப் பிறகு மலர்ந்தது.

"அப்பா, மாமா ஏன் வெளியவே நிக்கிறாரு? உள்ள கூப்பிடவா?"

தட்டின் முன்னால் இருந்தது தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. முதல்முறையாகப் பேசியது. மச்சினனின் குரல்தான், ஆனால் பேச்சு வேறு யாருடையதோ.

"ஐயா," என்றது, சமையலறைக்குக் கேட்காமல். "பதினோரு வருஷம் ஐயா. தூங்கினது ஒரு தப்பு, அவ்வளவுதான். அந்தப் பேரச் சொல்லி அவர உள்ள கூப்பிட்டா நான் திரும்பப் போகணும். என்னை மறுபடி அங்க வெச்சுப் பூட்டிடாதீங்க."

கை கூப்பியிருந்தது. விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

அது மிரட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். பல்லைக் காட்டியிருந்தால், கண் சிவந்திருந்தால், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். கெஞ்சுகிற ஒரு மனுஷனை என்ன செய்வது?

வாசலில் இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. என் கண்ணுக்குத் தெரு காலியாகத்தான் தெரிந்தது.

"அத்தான், விளையாடாதீங்க" என்றது ஒரு குரல், நிலைப்படிக்கு ஒரு அடி வெளியே. "பசிக்குது. உள்ள வான்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கால் எடுத்து வைக்க முடியுது."

சமையலறையில் பாட்டு நின்றது. "யாருங்க வாசல்ல?"

நான் அவன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் இந்தப் பக்கம் கைகூப்பி இருந்தவருக்கும் நடுவில், எனக்கும் என் மனைவிக்கும் நடுவில், அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? நான் கதவு மாட்டுகிறவன்.

"யாரும் இல்ல" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சொல்லப்போவதில்லை. நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பின்னால் தட்டில் மறுபடி விரல்கள் அசைகிற சத்தம் கேட்டது.

அவள் ஓடிப்போய் ஜன்னலில் ஏறி நின்றாள்.

"மாமா அழறாருப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஏதோ பேசிக்கிட்டே இருக்காரு" என்றாள்.

எனக்கும் கேட்டது.